லைட்டு பில்லு யார் பேரில் வருது?

 

திருவிழா வேலை ஆரம்பிச்சாச்சு. வழக்கம்போல முதல் கூட்டத்திலேயே லைட்டு விஷயம்தான் பேச்சு. எத்தனை மின்விளக்கு, ஜென்ரேட்டர் வாடகை எவ்வளவு, மைக் செட்டுக்கு எங்கே இருந்து ஒயர் இழுக்கிறது. அப்போ இளைஞர் பகுதியைச் சேர்ந்த ஒரு தம்பி கேட்டார், "அங்கிள், மாசா மாசம் தெனாகா பில்லு வருது, கட்டுறோம். மீட்டர் ஆலயம் பேரில் இருக்கணும்னு பெரியவங்க ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றாங்க?" நல்ல கேள்வி. கூட்டத்தில் ரெண்டு வரியில் பதில் சொல்ல முடியல. அதுக்குப் பின்னால நூறு வருஷத்துக்கு மேல உள்ள ஒரு கதை இருக்கு. நீளமாத்தான் இருக்கும், பொறுமையா படிங்க.

முதலில் ஒரு பெரியவரை வணங்கிட்டு ஆரம்பிக்கலாம். காயாரோகணம் தம்புசாமி பிள்ளை. கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தை நிறுவியவர். பத்துமலைக் குகையில் முருகனுக்கு வழிபாடு தொடங்கி வைத்தவர். 1892 முதல் அங்கே தைப்பூசம் நடக்குது. இதெல்லாம் நம்ம பக்தர்களுக்குத் தெரியும். தெரியாத இன்னொன்று இருக்கு. மலாயாவுக்கு மின்சாரம் கொண்டு வந்தவர்களில் அவரும் ஒருவர்.

1894-ம் ஆண்டு சிலாங்கூர் ரவாங்கில் தம்புசாமி பிள்ளையும் அவருடைய கூட்டாளி லோக் யூ அவர்களும் தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின்சார ஜென்ரேட்டர் ஒன்றை வைத்தார்கள். சுரங்கத்தில் ஊறும் தண்ணியை மின்சார பம்பு வைத்து இறைக்கத்தான். நம்ம நாட்டில் சுரங்க வேலைக்கு மின்சார பம்பு ஓடினது அதுதான் முதல் தடவை. அடுத்த வருஷம், 1895-ல், அந்த மின்சாரம் ரவாங் தெருவிளக்குக்கும் போனது. கோலாலம்பூர் ரயில் நிலையத்துக்கும் அதே வருஷம்தான் மின்சாரம் கிடைத்தது.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அமெரிக்காவில் எடிசன் நியூயார்க் பேர்ல் தெருவில் மின்நிலையம் திறந்தது 1882. இந்தியாவில் டார்ஜிலிங் பக்கம் சித்ராபோங் நீர்மின் நிலையம் 1897. ரவாங் இந்த ரெண்டுக்கும் நடுவில் வருது. கோயில் கட்டிய ஒரு தமிழர் கையால் இந்த நாட்டில் லைட்டு எரிஞ்சது நமக்குப் பெருமைதான்.

ஆனா இந்தப் பெருமையோடு சேர்த்து ஒன்றைக் கவனிக்கணும். அந்த ஜென்ரேட்டர் சுரங்க முதலாளிகளுடையது. ரவாங் தெருவில் விளக்கு எரிந்தது அவங்க கொடுத்ததால. இயந்திரம் யாருடையதோ, வெளிச்சமும் அவருடையது. அந்தக் காலத்துச் சின்ன மின்நிலையங்களின் கதை முழுக்க இப்படித்தான் போகுது.

1900-ல் பகாங் ரவூப்பில் தங்கச் சுரங்கக் கம்பெனி செம்பாம் ஆற்றில் ஒரு நீர்மின் நிலையம் கட்டியது. அதுவும் சுரங்கத்துக்காகத்தான். பிறகு பெரிய பட்டணங்களுக்கு ஒன்று ஒன்றாக மின்சாரம் வந்தது. கோலாலம்பூருக்கு பங்சார் நிலையம் 1927-ல் வந்தது. பேராக்கில் சுரங்கங்களுக்காக ஒரு தனியார் கம்பெனி செண்டிரோ அணையைக் கட்டி மின்சாரம் எடுத்தது. சின்ன ஊர்களுக்கு அணையும் கிடையாது, நிலக்கரி நிலையமும் கிடையாது. டீசல் இஞ்சின்தான்.

ஹட்டன்பேக் என்ற ஒரு கம்பெனி மட்டும் அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி, கூலிம், லூனாஸ், பாடாங் செராய், தெலுக் ஆன்சன், பீடோர், தம்பின் என்று ஊர் ஊராகச் சின்ன நிலையங்கள் நடத்தியது. ஊர் ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, உள்ளே ஒன்று ரெண்டு இஞ்சின், வெளியே எண்ணெய்ப் பீப்பாய்கள். அங்கிருந்து கம்பி கடைத்தெருவுக்குப் போகும். கடைத்தெரு முடியிற இடத்தில் கம்பியும் முடியும்.

ஏன் ஊருக்கு ஊர் தனித்தனியா வைத்தார்கள்? ஒரே பெரிய நிலையம் வைத்து எல்லா ஊருக்கும் அனுப்பி இருக்கலாமே என்று கேட்பீங்க. கம்பி வழியா மின்சாரம் தூரம் போகப் போக வழியிலேயே வீணாகும். குறைந்த வோல்ட்டில் அனுப்பினால் ஒன்று ரெண்டு மைல் தாண்டும்போதே பல்பு மங்கிப் போகும். தூரம் அனுப்பணும்னா வோல்ட்டை ஆயிரக்கணக்கில் ஏற்றி அனுப்பணும், போய்ச் சேரும் இடத்தில் டிரான்ஸ்பார்மர் வைத்து இறக்கணும், வழியெல்லாம் கம்பம் நடணும். முந்நூறு நானூறு பல்பு எரியிற ஊருக்கு அந்தச் செலவு யார் செய்வாங்க? அதனால இஞ்சினையே ஊருக்குக் கொண்டு வந்துட்டாங்க.

1949 செப்டம்பர் 1-ந் தேதி மத்திய மின்சார வாரியம் ஆரம்பமானது. அப்போது அதன் கைக்கு வந்தவை 34 மின்நிலையங்கள். எல்லாம் சேர்த்து 39.88 மெகாவாட். அதில் பங்சார் மட்டும் 26.5, உலு லங்காட் நீர்மின் நிலையம் 2.28. மிச்சம் 11.1 மெகாவாட் டீசல் இஞ்சின்கள். இந்த டீசல் கணக்கை மீதி 32 நிலையங்களுக்குப் பங்கு போட்டால், சராசரியா ஒன்றுக்கு 350 கிலோவாட் கூட வராது. இன்றைக்கு ஒரு தாமானில் 100 வீட்டில் ஒரே நேரத்தில் சுடுதண்ணி ஹீட்டரைப் போட்டால் அந்த 350 கிலோவாட் தீர்ந்து போகும். அன்றைக்கு அதில் ஒரு ஊரே நடந்தது!

அந்த மொத்த 39.88 மெகாவாட்டை நம்ம ஜொகூரில் இப்போது இருக்கும் தஞ்சோங் பின் நிலக்கரி மின்நிலையத்தோடு ஒப்பிட்டுப் பாருங்க. அங்கே முதலில் கட்டிய மூன்று இயந்திரங்கள் மட்டும் 2,100 மெகாவாட். 50 மடங்குக்கும் மேல.

வாரியம் வந்த நேரம் அவசரகாலம். 1948-லிருந்து 1960 வரை. நம்ம வட்டாரம், யோங் பெங், குளுவாங், சிம்பாங் ரெங்கம் எல்லாம் கடுமையா பாதிக்கப்பட்ட பகுதி. காட்டோரம் இருந்தவர்களைப் புதுக்கிராமங்களில் குடி வைத்தார்கள். தோட்டத்து ஆட்களையும் பல இடங்களில் வேலிக்குள் ஒன்று சேர்த்தார்கள். அந்த முள்வேலி ஓரத்தில் ராத்திரி விளக்கு எரிந்தது. வீட்டுக்குள் சிமினி விளக்கு, வேலியில் மின்விளக்கு. யார் வர்றாங்க, யார் போறாங்க என்று பார்க்கத்தான் அந்த வெளிச்சம்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். ஆயர் ஈத்தாம் ஒரு நாற்சந்தி. வடக்கே யோங் பெங், தெற்கே சிம்பாங் ரெங்கம், மேற்கே பத்து பகாட், கிழக்கே குளுவாங். பழைய கோலாலம்பூர் - ஜொகூர் பாரு ரோட்டில் போகிற வண்டி எல்லாம் இங்கே நின்றுதான் போகும். மண்பாண்டக் கடை, காய்கறிக் கடை, சாப்பாட்டுக் கடை எல்லாம் ராத்திரியும் திறந்திருக்கும். 1990-களில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வந்த பிறகுதான் அந்தக் கூட்டம் குறைந்தது. ரோட்டோரக் கடைக்கு லைட்டு இருந்தால்தான் வியாபாரம். அதனால டவுனுக்கு லைட்டு வந்தது, தங்கியது.

டவுனிலிருந்து ரெண்டு மூன்று மைல் உள்ளே போனால் தோட்டம். நம்ம ஆட்களில் பெரும்பாலானவர்கள் இருந்தது அங்கேதான். நான் பிறந்ததும் அப்படி ஒரு தோட்டத்து லயத்தில்தான். அங்கே வேற ஒரு மின்நிலையம். அதை யாரும் மின்நிலையம்னு சொல்ல மாட்டாங்க, "இஞ்சின் கொட்டாய்" என்பாங்க. பகலில் பால் ஸ்டோர் வேலைக்கு ஓடும் இஞ்சின். சாயங்காலம் லைட்டுக்கு ஓடும். முதல் கம்பி துரை பங்களாவுக்கு. அப்புறம் ஆபீஸ், ஆஸ்பத்திரி, கிராணிமார் வீடு. கடைசியில் லயம். லயத்தில் வீட்டுக்கு ஒரு பல்பு, ரெண்டு பல்பு. சாயங்காலம் ஆறரை ஏழுக்கு வரும், பத்து மணிக்குப் போயிரும்.

போறதுக்கு முன்னாடி இஞ்சின்காரர் ஒரு தடவை லைட்டை அணைத்துப் போடுவார். "இன்னும் கொஞ்ச நேரம்தான்"னு அர்த்தம். அந்தக் கொஞ்ச நேரத்தில் பாயை விரிக்கணும், பாத்திரத்தை அடுக்கணும், பாடம் எழுதுற பிள்ளை கடைசி வரியை முடிக்கணும். எங்க வயசுக்காரங்க எல்லாருக்கும் இது ஞாபகம் இருக்கும். இதைப் படிக்கிற அக்காமார், அண்ணன்மார் உங்க தோட்டத்தில் எத்தனை மணிக்கு லைட்டு போகும்னு கீழே எழுதுங்க.

அந்த இஞ்சின்காரர்கள் பெரும்பாலும் நம்ம ஆட்கள். படிப்பு குறைவு, சான்றிதழ் கிடையாது. காதை வைத்தே இஞ்சினுக்கு என்ன நோவுனு சொல்லுவாங்க. நானும் இருபது வருஷத்துக்கு மேல இயந்திரங்களோடு வேலை பார்க்கிறவன். இப்போ ஒரு இயந்திரத்துக்கு பத்து சென்சார் இருக்கு. அவங்களுக்குக் காதும், கையும், புகையின் நிறமும்தான். மழைக்காலத்தில் தண்ணி கலந்த டீசல் வந்தாலும், பெல்ட்டு அறுந்தாலும், பத்து மணி வரைக்கும் ஓட வைக்கணும். தோட்டம் முழுக்க அவர் ஒரு ஆளை நம்பி இருக்கும்.

சரி, கோயிலுக்கு வருவோம். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா என்றால் பத்து மணியோடு முடியுமா? கரகம் வரணும், தீமிதி இருக்கு, விடிய விடியக் கூத்து இருக்கு. அதனால தலைவர்மார் முன்கூட்டியே துரைக்குக் கடுதாசி எழுதுவாங்க. "திருவிழா மூன்று நாளும் விடியும் வரை லைட்டு கொடுக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்." நல்ல துரையா இருந்தால் கொடுப்பார், டீசல் செலவையும் ஏற்றுக்கொள்வார். இன்னொருத்தர் பன்னிரண்டு மணி வரைக்கும்தான் என்பார். மறுத்துட்டா பெட்ரோமாக்ஸ் விளக்குதான். தலையில் பெட்ரோமாக்ஸைத் தூக்கிக்கிட்டு சாமிக்கு முன்னாடி நடந்தவங்க இன்னும் நம்ம நடுவில் இருக்காங்க.

அம்மனுக்கு எரியும் விளக்குக்குக் கூட அனுமதி வாங்க வேண்டி இருந்தது. துரையைக் குறை சொல்ல இதை எழுதல. இஞ்சின் அவருடையது, நிலம் கம்பெனியுடையது. கோயில் நின்ற நிலமும் கம்பெனியுடையதுதான். சாமி நம்முடையது, லைட்டும் மண்ணும் இன்னொருத்தருடையது.

நாடு முன்னேறிக்கொண்டே இருந்தது. 1963-ல் கேமரன் மலை நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. 1965-ல் மத்திய மின்சார வாரியம் தேசிய மின்சார வாரியம் ஆனது, நம்ம வாயில் எல்.எல்.என். ஊர் ஊராக இருந்த சின்ன நிலையங்களையும் கம்பெனிகளையும் அது எடுத்துக்கொண்டே வந்தது. பினாங்கு நகராட்சியின் மின்சாரம் 1976-ல், பேராக் ஆற்றுக் கம்பெனி 1982-ல். பெரிய நிலையங்களை எல்லாம் உயர் அழுத்தக் கம்பியில் கோர்த்து ஒரே மின்கட்டமைப்பு ஆக்கினார்கள். ஊர்க் கொட்டகைகளில் இஞ்சின் சத்தம் ஒன்று ஒன்றாக நின்றது. 1990 செப்டம்பர் 1-ல் எல்.எல்.என். தெனாகா நேஷனல் ஆனது.

கிராமப்புற மின்சாரத் திட்டத்தில் கம்பங்களுக்கும் கம்பி போனது. ஆனால் தோட்டத்துக்கு? தோட்டம் தனியார் நிலம். அரசாங்கத் திட்டம் தோட்ட வேலிக்கு வெளியே நின்றது. தோட்டத்து ஓரமாகவே மின்கம்பம் போகும். லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் தூரத்தில் கம்பத்து வீடுகளில் ராத்திரி முழுக்க லைட்டு எரியும். நமக்குப் பத்து மணிக்கு இருட்டு. மின்சாரம் இல்லாத காட்டில் இருந்தால் மனசு ஆறும். கண்ணுக்கு எதிரில் இருந்தும் நமக்கு இல்லாததுதான் வலித்தது.

1966-லேயே தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் என்று ஒன்று வந்தது. 1990-ல் வந்த புதுச் சட்டம் தொழிலாளர் குடியிருப்புக்குக் குழாய்த் தண்ணியும் போதிய மின்சாரமும் கொடுக்க வேண்டும் என்று முதலாளிமார்களுக்குக் கடமை ஆக்கியது. 1895-ல் ரவாங் தெருவில் விளக்கு. 1990-ல் தோட்ட லயத்துக்கு லைட்டு கொடுக்கணும்னு சட்டம். நடுவில் 95 வருஷம். முதல் விளக்கை ஏற்றியவர்களில் ஒருவர் தமிழர். கடைசியாக விளக்கு கிடைத்தவர்களிலும் தமிழர்கள்.

லைட்டு முழுசா வந்த நேரத்தில் இன்னொன்று நடந்தது. தோட்டங்கள் கைமாற ஆரம்பித்தன. ரப்பர் போய் செம்பனை வந்தது, சில இடத்தில் தொழிற்சாலை, தாமான் வந்தது. ஆட்கள் டவுனுக்கு வந்துட்டாங்க. லயத்தை உடைச்சாச்சு, இஞ்சின் கொட்டாயின் சிமெண்டு மேடை மட்டும் லாலான் புல்லுக்குள் கிடக்குது. கோயில் மட்டும் அங்கேயே நின்றது.

அப்படி நின்ற கோயிலுக்கு லைட்டு எங்கே இருந்து வந்தது? தோட்டத்து ஒயரில் இருந்து. தோட்டம் விற்றவுடன் அந்த ஒயரும் போச்சு. புது முதலாளிக்குக் கோயிலுக்கு லைட்டு கொடுக்க வேண்டிய கடமை இல்லை. "சரி, நாங்களே தெனாகாவில் எடுத்துக்கிறோம்"னு போனால், நிலம் யார் பேரில், நிலச் சொந்தக்காரர் சம்மதக் கடிதம் இருக்கா என்று கேட்பாங்க. கேட்பது நியாயம்தான். ஆனா மூன்று தலைமுறையா பூசை நடக்கும் கோயிலுக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. துரை வாய்வார்த்தையா, "கட்டிக்கோங்க" என்று சொன்னதுதான் அத்தாட்சி. அந்தத் துரை கப்பல் ஏறி எத்தனையோ வருஷம் ஆச்சு.

தம்பி, நீங்க கேட்ட கேள்விக்கு இப்போ பதில் கிடைத்திருக்கும். மின்சார பில்லு வெறும் பில்லு இல்லை. இந்த இடத்தில் இந்தப் பேரில் ஒரு ஆலயம் இருக்கு, மாசா மாசம் கணக்கு வைத்துக் கட்டுது என்பதற்கு அது ஒரு எழுத்து. நிலப்பட்டாவுக்கு ஈடாகாது, அதை யாரும் தப்பா நினைச்சுக்காதீங்க. ஆனா பட்டாவை நோக்கிப் போகிற வழியில் கையில் இருக்க வேண்டிய காகிதங்களில் அதுவும் ஒன்று. சங்கப் பதிவிலாகா பதிவு, வருஷாந்திரக் கூட்ட அறிக்கை, வரவு செலவு, தண்ணி பில்லு, லைட்டு பில்லு. இவை எல்லாம் ஒரே பேரில், ஒரே முகவரியில் இருக்கணும். ஒரு எழுத்து மாறி இருந்தாலும் பின்னால சிக்கல்.

இன்னொரு பாடமும் இருக்கு. பெரிய கட்டமைப்பு வந்த பிறகு சின்ன இஞ்சினுக்கு வேலை இல்லைனு நினைத்தோம். 1992 செப்டம்பர் 29-ல் தீபகற்பம் முழுக்க லைட்டு போச்சு. 1996 ஆகஸ்டு 3-ல் மறுபடியும் அதே மாதிரி, பாக்கா பக்கம் ஏற்பட்ட கோளாறால். எல்லாரும் ஒரே கம்பியில் தொங்கினால், எங்கேயோ ஒரு இடத்தில் நடக்கிறது எல்லா இடத்தையும் இருட்டாக்கும். அதனாலதான் இன்றைக்கும் ஆஸ்பத்திரியிலும் தொழிற்சாலையிலும் சொந்த ஜென்ரேட்டர் வைத்திருக்காங்க. அந்தக் காலத்து இஞ்சின் கொட்டாய் வேற வேஷத்தில் இன்னும் இருக்கு.

நம்ம திருவிழாவுக்கு வாடகை ஜென்ரேட்டர் எடுக்கும்போது ஒன்றை மறக்காதீங்க. அதை நேரா ஆலயத்து ஒயரில் மாட்டக் கூடாது. மாற்றுச் சுவிட்சு வழியாத்தான் மாட்டணும். இல்லேன்னா நம்ம ஜென்ரேட்டர் மின்சாரம் மீட்டர் வழியா வெளிக் கம்பிக்கு ஏறும். லைன் செத்துப் போச்சுனு நம்பி கம்பத்தில் வேலை செய்றவர் உயிர் போயிரும். தகுதி உள்ள வயர்மேனை வைத்தே மாட்டணும். நூறு இருநூறு வெள்ளி மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை.

கடைசியா மூன்று வேண்டுகோள்.

ஒன்று. இந்த வட்டாரத்தில் எந்தச் சின்னக் கோயில் நிர்வாகத்தில் இருந்தாலும், இந்த மாச பில்லை எடுத்து யார் பேரில் இருக்குனு பாருங்க. செத்துப் போன பழைய தலைவர் பேரில் இருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் பேரில் இருக்கும், பழைய தோட்டத்துப் பேரில் இருக்கும். உயிரோடு இருக்கிறவங்க கையெழுத்து போட முடியிற காலத்திலேயே மாற்றிடுங்க.

ரெண்டு. வீட்டுப் பெட்டியில் பழைய கடுதாசி இருந்தால், துரைக்கு லைட்டு கேட்டு எழுதின நகல், தோட்ட ஆபீஸ் கொடுத்த பதில், திருவிழா நோட்டீசு, கோயில் கும்பாபிஷேகப் படம், எதுவா இருந்தாலும் வீசாதீங்க. படம் பிடித்து வைங்க. கோயில் எப்போதிலிருந்து அங்கே இருக்கு என்று கேட்கிறவங்களுக்கு அதுதான் பதில்.

மூன்று. இஞ்சின் கொட்டாயில் வேலை செய்த பெரியவங்க யாராவது இன்னும் இருந்தால், அவங்களைப் போய்ப் பார்த்துப் பேசுங்க, பேச்சைப் போனில் பதிவு செய்யுங்க. இந்தத் திருவிழாவில் முதல் விளக்கை ஏற்ற அவங்களைக் கூப்பிடலாம் என்று நிர்வாகத்திடம் சொல்லி இருக்கேன். எத்தனையோ ராத்திரி அவங்க ஓட்டிய இஞ்சினில்தான் அம்மன் முகம் தெரிந்தது.

இதைத் தெரிந்தவங்களுக்கு அனுப்புங்க. தப்பு இருந்தால் பெரியவங்க திருத்துங்க. திருவிழா உபயக்காரர்கள் கூட்டம் வர்ற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சதும் நடக்கும். எல்லாரும் வாங்க.

ஓம் சரவணபவ.